மினிபஸ்ஸுக்குப் பெயர் தந்த சிவப்புப் பொடி

'மினிபஸ்' என்ற சொல்லை அறியாதவர் நம்மில் எவரும் இல்லை. சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அதில்தான் போய் வந்திருக்கிறோம். மினி என்றால் சிறியது என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் சிறுமைக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. அது ஒரு சிவப்புப் பொடியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பொடி ஈயத்தைச் சுட்டு எடுப்பது. தமிழில் அதனைச் சிந்தூரம் என்றும் ஈயச் செந்தூரம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இலத்தீன் மொழியில் அதன் பெயர் மினியம்.

ஒரு பொடியின் பெயரைப் பற்றி நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். இந்தப் பொடி புத்தகங்களை அழகுபடுத்தியிருக்கிறது; இரும்புப் பாலங்களைத் துருவிலிருந்து காத்திருக்கிறது; அதே நேரம் அதைச் செய்த கைகளை நோயாக்கியும் இருக்கிறது. பெயர் மாறி மாறி வந்ததால் வாங்கியவர் ஏமாந்ததும் உண்டு. அந்தக் கதை இன்னும் முடியவில்லை. அது நமது குங்குமச் சிமிழ் வரைக்கும் வருகிறது.

நதியா, பொடியா, எது முதலில்?

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் ஸ்பெயின், போர்த்துக்கல் என்ற இரண்டு நாடுகள் இருக்கின்றன. ஸ்பெயினின் வடமேற்கே கலீசியா என்ற மழை வளம் மிக்க பிரதேசம். அங்கே ஓடும் பெரிய ஆறு மீஞ்ஞோ. தன் கடைசிப் பகுதியில் இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடி அத்திலாந்திக் சமுத்திரத்தில் கலக்கிறது. உரோமர் இந்த ஆற்றை மினியுஸ் என்று அழைத்தனர். மினியம் என்ற பெயர் இந்த ஆற்றின் பெயரால் வந்தது என்று பல நூல்கள் கூறுகின்றன.

ஆனால் பழைய ஆசிரியர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். உரோம வரலாற்றாசிரியர் யுஸ்தீனுஸ், அந்தப் பக்கத்தில் மினியம் நிறையக் கிடைத்ததால் அருகில் ஓடிய ஆற்றுக்கு அதன் பெயர் வந்தது என்று எழுதினார். 636 ஆம் ஆண்டில் காலமான செவில் நகரத்து ஆயர் இசிதோர் சொன்னதும் இதைப் போன்றதே. ஊரின் பெயரால் பொருளுக்குப் பெயர் வருவதும், பொருளின் பெயரால் ஊருக்குப் பெயர் வருவதும் உலகில் எங்கும் நடப்பதுதான். இது உரோமர் வருவதற்கு முன்பு அந்த மண்ணில் வாழ்ந்த மக்களின் சொல்லாக இருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. வென்றவர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சொல்லுக்குச் சொந்தக்காரரின் மொழி அழிந்துவிட்டது.

ஒரு பெயர், இரு பொருள்கள்

உரோமர் முதலில் மினியம் என்று அழைத்தது ஈயப் பொடியை அல்ல. அது இரசமும் கந்தகமும் சேர்ந்து மண்ணுக்குள் இயற்கையாக உண்டாகும் சிவப்புக் கல். நமது சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்று சொல்லும் பொருள் அது. தென் ஸ்பெயினில் அல்மாதேன் என்ற இடத்தைச் சுற்றி அதற்குப் பெரிய சுரங்கங்கள் இருந்தன. அந்தச் சுரங்கத்தை 2012 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி என்ற உரோம அறிஞர் இந்த வியாபாரத்தைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்குச் சுமார் 2,000 இறாத்தல் கல் முத்திரையிடப்பட்டு ஸ்பெயினிலிருந்து உரோமுக்கு வந்தது. அங்கேதான் அது கழுவிச் சுத்தமாக்கப்பட்டது. ஓர் இறாத்தல் 70 செஸ்தர்ஸ் நாணயத்துக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. விலை உயர்ந்த பொருள் என்றால் கலப்படமும் கூடவே வரும். அந்த உரிமையை வைத்திருந்த கூட்டத்தாரின் பட்டறைகளிலேயே கலப்படம் நடந்ததாகப் பிளினி சொல்கிறார். கலக்கப்பட்டவற்றுள் ஒன்று ஈயத்திலிருந்து செய்த மலிவான சிவப்புப் பொடி. அதனை இரண்டாந்தர மினியம் என்று அவர் குறிப்பிட்டார்.

காலம் போகப் போக அந்த இரண்டாந்தரப் பொருளே பெயரைத் தனதாக்கிக்கொண்டது. இன்று மினியம் என்றால் ஈயச் செந்தூரம் மட்டுமே. உண்மையான மினியமாக இருந்த சாதிலிங்கத்துக்கு வேறு பெயர் வந்துவிட்டது.

வாங்குபவர் எப்படிச் சோதிப்பது? அதற்கும் ஒரு வழி இருந்தது. இரும்புத் தகட்டில் பொடியை வைத்து, தகடு பழுக்கும்வரை சூடாக்க வேண்டும். பொடி கறுத்து, ஆறியபின் பழைய நிறத்துக்குத் திரும்பினால் நல்லது. கறுப்பாகவே நின்றால் கலப்படம். இதை எழுதியவர் விற்றுறூவியுஸ் என்ற உரோமக் கட்டடக் கலைஞர்.

ஈயம் எப்படிச் சிவக்கிறது?

ஈயத்தை உருக்கிக் காற்றுப் பட வைத்தால் அதன்மேல் மஞ்சள் நிறமான ஆடை படியும். நாட்டு வைத்தியத்தில் மிருதார்சிங்கி என்று சொல்வது இதைத்தான். அதைப் பொடியாக்கிக் காற்றோட்டத்தில் 480 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்காக வறுத்தால், இன்னும் கொஞ்சம் ஒட்சிசனை ஏற்றுச் செம்மஞ்சள் கலந்த பிரகாசமான சிவப்பாகும். சூடு கூடிவிட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். பக்குவம் தெரிந்தவர்தான் செய்ய முடியும். ஈய வெள்ளை என்ற வெண்ணிறப் பொடியைச் சுட்டாலும் இதே சிவப்புக் கிடைக்கும். கிரேக்க நாட்டின் பிரேயுஸ் துறைமுகத்தில் ஒரு தீ விபத்தில் சாடிகளில் இருந்த ஈய வெள்ளை எரிந்தபோதுதான் இந்த வித்தை தற்செயலாகத் தெரியவந்தது என்று பிளினி எழுதுகிறார்.

சீனத்திலும் இந்தியாவிலும் பழங்காலத்திலிருந்தே இந்தப் பொடியைச் செய்து பாவித்தார்கள். சுவர் ஓவியம், ஓலை ஓவியம், அரண்மனைச் சிற்றோவியம் எல்லாவற்றிலும் அது இருந்தது. ஆனால் இந்தச் சிவப்பு நிலைத்து நிற்பதில்லை. சீனாவின் துன்குவாங் குகை ஓவியங்களில் ஈயச் செந்தூரம் பூசிய இடங்கள் காலத்தால் கறுத்துப் போயிருக்கின்றன. ஒல்லாந்து ஓவியர் வான் கோ 1889 இல் தீட்டிய வைக்கோற்போர் ஓவியம் ஒன்றில் இதே சிவப்பு வெளிறி வெள்ளையாகி வருவதை 2015 இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

புத்தகத்தின் சிவப்பு

அச்சு இயந்திரம் வருமுன் ஐரோப்பாவில் புத்தகங்களைக் கையால் பிரதி செய்தார்கள். பெரும்பாலும் துறவி மடங்களில்தான் இந்த வேலை நடந்தது. கறுப்பு மையால் ஒருவர் எழுத, தலைப்புகளையும் முதலெழுத்துக்களையும் மினியத்தால் இன்னொருவர் சிவப்பாக்குவார். மினியத்தால் வரைவதற்கு 'மினியாரே' என்று பெயர். அப்படி முதலெழுத்துக்குள்ளும் ஓரத்திலும் வரைந்த படங்கள் 'மினியத்தூரா' ஆயின.

புத்தகத்தின் ஓரத்தில் வரைவதால் அந்தப் படங்கள் சிறியனவாகவே இருந்தன. இலத்தீனில் 'குறைவு' என்பதற்கு மினுஸ் என்று சொல்வார்கள். ஒலி ஒன்று போல இருந்ததால், மினியத்தூரா என்றாலே சிறிய ஓவியம் என்று மக்கள் எண்ணத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அது மினியேச்சர் ஆனது. சிவப்பு மறந்துபோய்ச் சிறுமை மட்டும் மிஞ்சியது. 20 ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லின் முதற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மினி என்றார்கள். அதுவே பஸ்ஸுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வேலையைச் செய்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அது தவறு. ஸ்பெயினின் கெரோனா நகரத் தேவாலயத்தில் 975 ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட ஓர் ஓவியப் புத்தகம் இருக்கிறது. அதன் முடிவுரையில் எந்தே என்ற பெண்ணின் பெயர் ஓவியர் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் குடா என்ற கன்னியாஸ்திரி, தான் எழுதிய புத்தகத்தின் முதலெழுத்து ஒன்றுக்குள் தன் உருவத்தையே வரைந்து, எழுதியதும் வரைந்ததும் தானே என்று குறித்து வைத்தார்.

பெயர் எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர்! ஜேர்மனியின் டால்ஹைம் என்ற இடத்தில் பழைய கன்னியர் மடம் ஒன்றின் மயானத்தில் கிடைத்த பெண்ணின் பற்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பல்லில் படிந்த கறைக்குள் விலையுயர்ந்த நீல வர்ணத்தின் துகள்கள் இருந்தன. தூரிகையின் நுனியை வாயால் ஈரப்படுத்திக் கூராக்கியதால் அது படிந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. 2019 இல் இது வெளியானது. ஆயிரம் ஆண்டுகள் வரை யாரும் அறியாதிருந்த ஓவியப் பெண்ணுக்கு அவளது பல்லே சாட்சி சொன்னது. நீலத்தைத் தொட்ட வாய் மினியத்தைத் தொடாமலா இருந்திருக்கும்? வேலையின் அடையாளமும் வேலையின் நஞ்சும் ஒரே வழியால்தான் உடம்புக்குள் போகின்றன.

செய்தவர்களின் உடல்

இந்தச் சிவப்புப் பொடிகளின் தீங்கு அன்றே தெரியாத விஷயமல்ல. மினியம் அரைக்கும் தொழிலாளர் தூசி உள்ளே போகாதபடி விலங்கின் மெல்லிய சிறுநீர்ப்பையை முகத்தில் கட்டிக்கொண்டார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய முகக்கவசம் அது.

19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஈயத் தொழிற்சாலைகளில் ஏழைப் பெண்கள் நாட்கூலிக்கு வேலை செய்தார்கள். எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1868 இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் அத்தகைய குடும்பங்களைப் போய்ப் பார்த்து எழுதினார். நாளுக்கு 18 பென்ஸ் கூலி. ஈயம் தங்களைக் கொல்லும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். சிலருக்குச் சீக்கிரம் பிடிக்கும், சிலருக்குத் தாமதமாகப் பிடிக்கும் என்பதும் தெரியும். பிள்ளைகள் பட்டினி கிடப்பதா, நாம் நஞ்சைத் தின்பதா என்ற இரண்டுக்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தத் தெரிவு எத்தகையது என்பதை இதை வாசிக்கும் பல சகோதரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நூற்றாண்டின் இறுதியில், மிக ஆபத்தான ஈய வேலைகளில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று இங்கிலாந்தில் விதி செய்தார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணை வெளியே அனுப்பியதால் தொழிற்சாலையின் தூசி குறையவில்லை. வேலை இழந்தவளுக்கு வேறு வழியும் தானாக வந்துவிடவில்லை.

அமெரிக்காவில் அலிஸ் ஹமில்டன் என்ற பெண் வைத்தியர் இன்னொரு வழியைக் காட்டினார். 1910 முதல் அவர் ஈயத் தொழிற்சாலைகளுக்கு நேரில் போனார். தொழிலாளரின் வீடுகளுக்கும் போனார். தொழிலாளர் கை கழுவாததால்தான் நோய் வருகிறது என்று முதலாளிகள் சொல்லிவந்தார்கள். காற்றில் பறக்கும் தூசியையும் புகையையும் சுவாசிப்பதே முக்கிய காரணம் என்று அவர் ஆதாரத்தோடு காட்டினார். தூசியை அடக்கினால் நோய் குறையும். அதைச் செய்ய வேண்டியது தொழிற்சாலை நடத்துபவரின் பொறுப்பு என்பது அவரது வாதம். 1919 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக நியமித்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் ஆசிரியர் அவரே.

இரும்புக்கும் ஒரு பொட்டு

புத்தகத்திலிருந்து மினியம் இரும்புக்குப் போனது. எண்ணெயில் குழைத்துப் பூசினால் இரும்பு துருப்பிடிக்காது. கப்பல்களுக்கும் பாலங்களுக்கும் முதற்பூச்சு அதுதான். அமெரிக்காவின் கோல்டன் கேற் பாலம் 1937 இல் திறக்கப்பட்டபோது அதற்கும் ஈயச் செந்தூரப் பூச்சே அடியில் இருந்தது. அந்தப் பாலத்தின் புகழ்பெற்ற செம்மஞ்சள் நிறத்துக்கு யோசனை தந்ததும் இந்த முதற்பூச்சின் நிறந்தான்.

இங்கேயும் பெயர்க் குழப்பம் உண்டு. கடைகளில் 'ரெட் ஒக்சைட்' என்று விற்பது இரும்பின் துருவிலிருந்து வரும் சிவப்பு. 'ரெட் லெட்' என்பதுதான் ஈயம். இரண்டும் ஒன்றல்ல. நமது மொழியிலும் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். நஞ்சானது காரீயம். பென்சிலுக்குள் இருப்பதைக் காரீயம் என்று சொன்னாலும் அதில் ஈயமே இல்லை. அது ஒருவகைக் கரி. ஆகவே பெயரைக் கேட்டு நிம்மதி அடையவும் கூடாது, பெயரைக் கேட்டுப் பயப்படவும் கூடாது. என்ன பொருள் என்று கேட்க வேண்டும்.

சிமிழுக்குள் என்ன?

மினியத்துக்கு நேர்ந்ததே சிந்தூரம் என்ற சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. வடமொழியில் சிந்தூரம் என்றால் ஈயச் செந்தூரம். பின்னர் சாதிலிங்கப் பொடியையும், வெறும் சாயம் கலந்த மாவையும் அதே பெயரில் விற்றார்கள். நமது வழக்கத்தில் குங்குமம் மஞ்சளிலிருந்து வருவது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் அது சிவப்பதை நாம் அறிவோம். ஆனால் பையில் அடைத்து வரும் எல்லாச் சிவப்பும் மஞ்சளிலிருந்து வந்ததல்ல.

அமெரிக்காவின் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தார் அங்கும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. சிலவற்றில் மிக அதிகமாக இருந்தது. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இதனைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நல்ல நிறம் வர ஈயம் கலந்த மஞ்சட் சாயத்தைச் சேர்த்துவந்தார்கள். ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தபின் அரசாங்கம் சந்தைகளில் பரிசோதனை நடத்தித் தண்டம் விதித்தது, மக்களுக்கும் அறிவித்தது. 2019 இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த ஈயம் 2021 இல் காணப்படவில்லை. கேள்வி கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இலங்கையிலும் பெயின்ற் வகைகளில் ஈயத்தின் அளவுக்கு 2013 முதல் சட்ட எல்லை இருக்கிறது. அதற்கு முந்திய பூச்சு இன்னும் பழைய கதவிலும் படலையிலும் ஜன்னற் கம்பியிலும் இருக்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்த அளவு ஈயம் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக அதை உறிஞ்சும். மூளை வளர்ச்சியையும் படிப்பையும் அது பாதிக்கும். பெண்களின் எலும்பில் சேரும் ஈயம் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து, கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இரத்தத்துக்கு வந்து குழந்தையைச் சேரும். களைப்பு, வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை என்பவை அறிகுறிகள். பல வேளைகளில் ஓர் அறிகுறியும் தெரியாது.

பழைய இரும்பு பொறுக்கி விற்கும் சகோதரிகளும், மீன்பிடி வலைக்கு ஈயக் குண்டு வார்க்கும் குடும்பங்களும் கூடிய கவனம் எடுக்க வேண்டும். வாகன பற்றரிகளுக்குள் இருப்பது ஈயமும் ஈயச் செந்தூரம் போன்ற பொடிகளுமே. அவற்றை உடைக்கவோ உருக்கவோ வேண்டாம். அடுப்படியிலும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் ஈயம் உருக்கக் கூடாது. சமையற் சட்டியை அதற்கு எடுக்கவே கூடாது. பழைய பெயின்ற்றைக் காய்ந்தபடி அரத்தாளால் தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். வேலை முடிந்ததும் கைகால் முகம் கழுவி, உடுப்பு மாற்றியபின்பே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைத் தனியாகத் தோய்க்க வேண்டும்.

இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஏற்கும். முருங்கையிலை, குரக்கன், கௌபி, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், நெல்லிக்காய், தேசிக்காய் என்பன நமக்கு எட்டக்கூடியவை. ஈயத்தோடு வேலை செய்பவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது அதைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சுயதொழிலாகக் குங்குமம் செய்யும் குழுக்கள், நிறத்துக்காகக் கடையில் பெயர் தெரியாத சிவப்புத் தூள் வாங்கிச் சேர்க்கக் கூடாது. நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும்.

நெற்றியின் சிவப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. யுத்தத்தில் கணவரை இழந்தவளிடம் பொட்டை அழி என்று சொல்ல ஊரில் பலர் வந்தார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவளிடம், இன்னும் ஏன் வைக்கிறாய் என்று கேட்டவர்களும் உண்டு. ஏன் வைக்கவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிமிழுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வைப்பதா விடுவதா என்பது அவளுடைய தீர்மானம். எதனால் செய்ததை வைக்கிறோம் என்று கடைக்காரரிடம் கேட்பது அவளுடைய உரிமை.

அடுத்த முறை மினிபஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்படியே கைப்பையில் இருக்கும் குங்குமப் பையைத் திருப்பி, அதன் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள்.